இருநூற்றுப் பத்து

"எட்ட நின்னா தெளிவா விழுது, டீச்சர். கிட்ட வந்தா கலங்கிருது."

ஆவுடையப்பன் கேமராவை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

ஜெபக்கனி தலை நிமிரவில்லை. யாருடைய லென்ஸையோ திறந்துவைத்து, கண்ணாடிக்குள் படர்ந்திருந்த பூஞ்சையைப் பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எது கிட்ட வந்தா?"

"பறவை."

"என்ன பறவை?"

"நீர்க்காகம்."

"நீர்க்காகம் ஆளு கிட்ட வராதே, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

குரு என்றதும் தாடியையும் மரவுரியையும் தேடுகிறவர்கள் இங்கேயே கதையை மூடிவிடலாம். ஜெபக்கனிக்கு வயது முப்பத்தைந்து. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் கேமரா பழுது பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒன்பது பேருக்குப் படம் எடுக்கக் கற்றுத் தருகிறாள். ஒன்பது பேரில் மூத்தவர் ஆவுடையப்பன். வயது அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட முதல் வாரம் அவர் நாக்கு கொஞ்சம் சண்டித்தனம் செய்தது. பிறகு பழகிவிட்டது.

கேமரா புதியது. கை ஆடினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் வசதி அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். லென்ஸ் பழையது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஜூம் லென்ஸ். வளையத்தைத் திருப்பினால் எழுபது மில்லிமீட்டரிலிருந்து இருநூற்றுப் பத்து வரைக்கும் போகும். இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொண்டு ஒரு மாதமாக அலைகிறார். வகுப்புக்கு மட்டும் அதைக் கொண்டுவந்ததில்லை.

"என் கைதான் ஆடுதுன்னு நெனைக்கேன்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "வயசாகுது."

ஜெபக்கனி எழுந்து, மேசையில் இருந்த தண்ணீர்த் தம்ளரை விளிம்பு வரைக்கும் நிரப்பினாள்.

"இத அந்த ஜன்னல்ல கொண்டுபோய் வைங்க."

அவர் கொண்டுபோனார். நாலைந்து சொட்டு தரையில் விழுந்தது. குற்றவாளியைப் போலத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அதே தம்ளரை மறுபடி நிரப்பினாள். தானே எடுத்துக்கொண்டு நடந்தாள். ஐந்தாறு சொட்டு விழுந்தது.

"எல்லா கையும் ஆடும், அண்ணாச்சி. அதுக்குத்தான் அந்த வசதிய வச்சிருக்கான். மெமரி கார்டக் கொடுங்க, படத்தப் பாக்கணும்."

ஆவுடையப்பன் கேமராவை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"படத்தப் பாக்காம சொல்ல முடியாதா?"

"நோயாளிய வீட்ல விட்டுட்டு வந்து மருந்து கேக்குதிய."

அவர் கேமராவோடு படியிறங்கினார். அது வியாழக்கிழமை.

*

அந்தக் கார்டில் நீர்க்காகம் ஒன்றுகூட இல்லை.

ஆற்றுப் பாலத்தின் முனையில் ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. அதற்குக் கீழே, இருநூறு அடி தள்ளி, கரையோரம் ஒரு கல்மேடு. தினமும் காலை ஏழு மணிக்கு ஆவுடையப்பன் அந்தக் கல்மேட்டில் தொப்பியும் கேமராவுமாக நிற்பார். தெரிந்தவர்கள் கேட்டால் பறவை என்பார். ஏழு இருபது பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் வந்து நிற்கும் பெண்ணைத்தான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மகள் லோசனி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலுக்கு வந்தாள். இவர் நடையிலேயே மறித்தார். "எட்ட நில்லு," என்றார். அவள் எட்டவே நின்றாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மனைவி சங்கரவடிவு மட்டும் மாதத்தில் இரண்டு தடவை கோயிலுக்கு என்று கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு திரும்புவாள். எந்தக் கோயிலில் அவியலும் அப்பளமும் போடுகிறார்கள் என்று இவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

போன மாதம் அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. மாப்பிள்ளைக்கு ராஞ்சிக்கு மாற்றல். லோசனிக்கு இந்த வாரம் புதன்கிழமையோடு வேலை முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்.

மறுநாள்தான் அவர் கேமரா வாங்கினார்.

ஒரே ஒரு படம் போதும் என்று நினைத்தார். முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு படம். அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. மன்னிப்பும் கேட்க வேண்டாம், வாசலும் மிதிக்க வேண்டாம். பிடிவாதக்காரர்களுக்கு இந்த மாதிரிக் குறுக்கு வழி நன்றாகத் தோன்றும்.

ஆனால் இருநூறு அடியிலிருந்து எடுத்த படங்களில் முகம் மிளகளவுதான் இருந்தது. கூர்மையாக இருந்தது, ஆனால் மிளகு. புதன்கிழமை ஒரு நாள் மட்டும் அவள் கரைக்கு இறங்கி வந்தாள். பதினெட்டுப் படம் எடுத்தார். பதினெட்டும் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி கலங்கிப் போயிருந்தன.

வெள்ளிக்கிழமையும் போய் நின்றார். ஏழு இருபது வந்து போயிற்று. எட்டு மணி வந்து போயிற்று. அவள் வரவில்லை. இனிமேல் வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஒன்பது வரைக்கும் நின்றார். கல்மேட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அழுதது பெரிய தப்பு என்பதைப் போல, கேமராவைத் துடைக்கும் துணியால் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் மாடியேறி வந்துவிட்டார்.

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேன், டீச்சர். மூச்ச அடக்கிப் பாத்தேன். தூண்ல சாஞ்சு எடுத்தேன். வீட்டுக் கதவ எடுத்தேன், கொடில காயுத துணிய எடுத்தேன். கிட்ட இருக்கதெல்லாம் கலங்குது."

"அந்த வசதிய அணைச்சிட்டு எடுத்தியளா?"

"அத எதுக்கு அணைக்கணும்? அதுக்காகத்தான வாங்குனேன்!"

"அணைச்சிட்டு இந்தச் சுவர்க் கடிகாரத்த எடுங்க. பொறவு போட்டுட்டு எடுங்க."

எடுத்தார். அணைத்துவிட்டு எடுத்ததில் முள் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. போட்டுவிட்டு எடுத்ததில் முள்ளே இல்லை; ஒரு மெழுகல்தான் இருந்தது.

ஆவுடையப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"தாங்குறதுக்குன்னு வச்சது, அதுவே தள்ளி விடுதா? ஏமாத்துக்காரப் பயலுவ."

ஜெபக்கனி அப்போதுதான் வந்த டீயைத் தன் முன்னால் நகர்த்தினாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"டீ எவ்வளவு தூரத்துல இருக்கு, அண்ணாச்சி? நீங்க அளந்து பழகுன ஆளு."

"ஒன்றரை அடி."

அவள் கையை நீட்டினாள். விரல் தம்ளரில் சரியாகப் போய்ப் படிந்தது.

"இப்ப அதக் கிட்டத் தள்ளுங்க. எவ்வளவுன்னு எங்கிட்ட சொல்லாதிய."

அவர் தம்ளரை அரையடிக்குக் கொண்டுவந்தார். அவள் பழையபடி ஒன்றரை அடிக்குக் கையை வீசினாள். முன்னங்கை பட்டுத் தம்ளர் சரிந்தது. டீ மேசை முழுக்க ஓடி அவர் வேட்டியிலும் சொட்டியது.

"அய்யய்யே, என்ன டீச்சர் நீங்க!"

ஜெபக்கனி கண்ணைத் திறந்தாள்.

"யாரு தப்பு?"

அவர் துணியைத் தேடி மேசையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே யோசித்தார். பாதியில் கை நின்றது.

"நீங்க நான் சொன்ன தூரத்துக்கு நீட்டுனிய."

"ம்."

"நான் மாத்துனதச் சொல்லல."

"கேமராவ ஆன் பண்ணுங்க."

பண்ணினார். திரையில் ஒரு கேள்வி வந்தது. மாட்டியிருக்கும் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு, கீழே 210 என்று காட்டியது. அவர் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் 'சரி'யை அமுக்கப் போயிற்று.

ஜெபக்கனி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எப்பப் போட்ட நம்பரு?"

"வாங்குன அன்னைக்கு."

"ஏன் இருநூத்திப் பத்து?"

"எட்ட இருக்கதத்தான எடுக்கப் போறோம்னு போட்டேன்."

"அதுக்கப்புறம் மாத்தலையா?"

"மாத்தல. தெனமும் கேக்கும். நான் சரின்னு அமுக்கிருவேன்."

"வளையத்தத் திருப்புவியளா?"

"அது திருப்பாம எப்படி? கிட்ட வந்தா எழுவதுக்குத் திருப்பித்தான ஆகணும்?"

"கேமராவுக்கு அது தெரியாதே, அண்ணாச்சி. புது லென்ஸா இருந்தா, நான் இப்ப நூறுல இருக்கேன், இப்ப எழுவதுல இருக்கேன்னு தானே சொல்லிக்கிட்டு இருக்கும். பழைய லென்ஸுக்கு வாய் கெடையாது. அதனாலதான் அது உங்ககிட்ட கேக்குது. நீங்க இருநூத்திப் பத்துன்னு சொன்னிய. அது உங்கள நம்பிருச்சு. எழுவதுல உங்க கை ஒரு நூல் ஆடுனா, அது மூணு நூல் எதிர்ப்பக்கம் தள்ளுது."

ஆவுடையப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் நிலம் அளக்கும் செயினைப் பிடித்த மனிதர். அளவு ஒன்று பிசகினால் அடுத்தவன் வயல் எப்படிக் கோணிப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? வெட்கமாக இருந்தது.

"இது கோளாறே இல்லையா அப்ப?"

"இல்ல. சொன்னதச் செய்யுது."

"எழுவதுன்னு போட்டா?"

"எழுவதுல எடுத்தா தெளிவா விழும்."

கடிகாரத்தை இன்னொரு தடவை எடுத்தார். முள் ஊசியாக விழுந்தது. பத்து இருபத்தொன்று.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. புதன்கிழமை போய்விட்டதே.

சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். அதை அவர் கேமராவில் விடாமல் தனியாகக் கழற்றி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதத் தெளிவாக்க முடியுமான்னு பாருங்க."

*

ஜெபக்கனி கம்ப்யூட்டரில் கார்டைச் செருகினாள். படங்கள் வரிசையாக வந்தன. பஸ் நிறுத்தம், பஸ் நிறுத்தம், மறுபடியும் பஸ் நிறுத்தம். எல்லாவற்றிலும் ஒரே பெண்.

"நீர்க்காகம் எங்க, அண்ணாச்சி?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"மக."

ஜெபக்கனி படத்தை நகர்த்திக்கொண்டே போனாள். புதன்கிழமைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

பதினெட்டுப் படம். கலங்கிய ஒரு சேலை, கலங்கிய ஒரு பை, முகம் இருக்கவேண்டிய இடத்தில் மாநிறமாக ஒரு பூச்சு.

"தெளிவாக்க முடியுமா?"

"முடியாது."

அவர் தலையசைத்தார். எதிர்பார்த்ததுதான்.

"அன்னைக்கு எதுக்கோ கீழ எறங்குனா," என்றார். "ஆத்தப் பாக்க வந்திருப்பா. ஊர விட்டுப் போறால்லா? நான் தொப்பி போட்டிருந்தேன். மூஞ்சிய கேமரா மறச்சிருந்தது. அவளுக்குத் தெரியாது."

ஜெபக்கனி முதல் படத்தைத் திறந்தாள். மூலையில் நேரம் இருந்தது. ஏழு பதினெட்டு. நாலாவது படத்துக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"இவ பின்னால, மேல, மஞ்சளா ஒரு கறை இருக்கே. என்னது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பஸ்ஸு. ஏழு இருவது."

அடுத்த படம். மஞ்சள் கறை படத்தின் ஓரத்துக்குப் போயிருந்தது. அடுத்தது. கறை இல்லை. வெறும் பாலம்.

சேலை அதே இடத்தில் இருந்தது.

அடுத்தது. அதே இடம். அடுத்தது. அதே இடம். ஜெபக்கனி ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் தட்டிக்கொண்டே போனாள். பதினெட்டாவது படத்தில் நேரம் ஏழு இருபத்தைந்து.

"பஸ்ஸ விட்டுட்டா," என்றார் ஆவுடையப்பன். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைப் போல இருந்தது.

"அது கடைசி நாளு. வேலைக்குக் கடைசி நாளு. நேரங்கழிச்சுப் போற பிள்ளை இல்ல அவ," என்று அவரே தொடர்ந்தார்.

ஜெபக்கனி பதினெட்டாவது படத்தைப் பெரிதாக்கினாள். முகம் இன்னும் மோசமாகக் கலங்கியது. கண்ணும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை. முகத்தின் இரண்டு பக்கமும் இரண்டு மினுக்கல் மட்டும் கோடு இழுத்த மாதிரி இருந்தது.

"இது என்ன?"

"கம்மலு. கல்லு வச்ச கம்மலு. பள்ளிக்கூடம் முடிச்சப்ப நான் எடுத்துக் கொடுத்தது."

சொல்லிவிட்டு அவர் நின்றார்.

இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே அளவு.

முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பியிருந்தால் ஒரு கம்மல்தான் தெரிந்திருக்கும்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது. இந்தத் தடவை அதற்கு வயதைக் காரணம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"எத்தன அடி இருக்கும், அண்ணாச்சி?" என்று ஜெபக்கனி கேட்டாள்.

ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தார். எழுபதில் இருக்கிறது லென்ஸ். இடுப்புக்கு மேலே சட்டம் முழுக்க ஆள். அவருக்குக் கணக்குப் போடத் தேவையே இல்லை. அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் வளையத்தைத் திருப்பினார்.

"எட்டடி."

"ஏழு நிமிஷம்," என்றாள் ஜெபக்கனி.

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு ஆட்டோ நின்று கிளம்பியது. மகள் வாயைத் திறந்தாளா, கூப்பிட்டாளா என்று ஆவுடையப்பன் நினைவுபடுத்திப் பார்த்தார். நினைவில் ஷட்டர் சத்தம் மட்டும்தான் இருந்தது. ஏழு நிமிஷமும் அவர் கேமராவை முகத்திலிருந்து இறக்கவில்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேமராவைக் கையில் எடுத்தார்.

"நாளைக்குக் காலைல ரயிலு, டீச்சர். ஸ்டேஷன்ல ஒரு தடவ எடுத்துப் பாக்கேன். எத்தன நம்பர் போடணும், சொல்லுங்க."

ஜெபக்கனி மேசையில் மிச்சமிருந்த டீயைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து ஜன்னலில் காயப்போட்டாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எவ்வளவு தூரத்துல நிக்கப் போறிய?"

அவர் கேமராவை மேசையில் வைத்துவிட்டு போனை எடுத்தார். சங்கரவடிவுக்கு அடித்தார். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

"வடிவு, எங்க இருக்க?"

"கோயில்ல."

"சரி." போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அந்த வீட்டுக் கதவு நம்பர் என்ன?"

"எந்த வீடு?"

ஆறு வருஷமாக வாயில் வராத பெயர். இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தார்.

"லோசனி வீடு."

டேப் சத்தம் நின்றது.

யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அது மனைவியின் மூச்சு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"பக்கத்துலதான் நிக்கா," என்றாள் சங்கரவடிவு. "அவகிட்டயே கேளுங்க."